பாட்டுக்கும் தீட்டு உண்டோ?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தலைமையாசிரியர் ஒருவரை மேடையேற்றினால் அவர் கல்வியின் சிறப்பைப் பேசுவார் என எதிர்பார்ப்பது இயல்பே. அந்தப் பேச்சை நம் உறுப்பினர்கள் 25 ஆண்டுகளாகக் கேட்டுவிட்டனர்; அதன் பயன் பட்டதாரிகளாக நம் எதிரே அமர்ந்திருக்கிறது. ஆகவே இன்று பாட்டைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம்.

அதற்குக் காரணம் விழாக்குழுவின் கூட்டமே ஆகும். வரவு செலவுத் திட்டம் அரை மணியில் முடிந்தது. மாலை நிகழ்ச்சிக்கு எந்த இசையை வைப்பது என்னும் பேச்சோ இரண்டு மணி நேரம் நீண்டது. இளைஞர்கள் பறைக் குழுவும் கானாக் குழுவும் வேண்டுமென்றனர். மூத்தோர் சிலர், "நாலு பெரிய மனிதர்கள் வரும் மேடை, வீணைக் கச்சேரியோ வாய்ப்பாட்டோ வைத்தால் கௌரவமாக இருக்கும்" என்றனர். அவர்களுள் ஒருவர் இன்னும் வெளிப்படையாக, "அந்தப் பறையை விட்டு விலகி வரத்தானே இந்தச் சங்கத்தையே தொடங்கினோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் விடை கூறவில்லை. எளிதில் விடை கூறக்கூடிய கேள்வியும் அன்று அது. அதை ஆராய்வதே இன்று நம் நோக்கம்.

ஒருவன் கேட்கும் பாட்டை வைத்து அவனுடைய குலத்தையும் அறிவையும் அளந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதை இசை மேட்டிமை எனலாம். மனிதனைத் தொட்டால் தீட்டு என்று சட்டத்துக்கு அஞ்சி வெளிப்படையாகச் சொல்ல இயலாத காலத்தில், அவன் பாட்டைக் கேட்டால் காது கூசுகிறது என்று சொல்வதற்குத் தடையேதும் இல்லை. சொல்பவர்க்கு அது இரசனையாகத் தோன்றும். கேட்பவனுக்கோ அது பழைய குரலாகவே ஒலிக்கும்.

முதலில், அரசாங்கமே இந்த மேட்டிமையைக் கையாண்ட ஒரு வரலாற்றைக் கூறுவோம். 1952-இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் டாக்டர் பி. வி. கேஸ்கர். கற்றவர், இசைப் பயிற்சி பெற்றவர். மக்களின் செவியைத் திருத்துவது வானொலியின் கடமை என்று அவர் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் சினமுற்று உரிமையைத் திரும்பப் பெற்றதும் திரைப்பாட்டு வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அந்த இடத்தைச் செவ்வியல் இசையும், வானொலி தானே உருவாக்கிய மெல்லிசையும் நிரப்பின.

மக்கள் திருந்தினார்களா? வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினார்கள்! உலகப் போர்க் காலத்தில் இராணுவத்துக்காக நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்புக் கருவிகள் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தன. வடநாட்டார் அமீன் சயானியின் குரலுக்காகவும், நம் தமிழ்நாட்டார் மயில்வாகனன், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலுக்காகவும் கடல் கடந்த நிலையத்தைத் தேடிச் சென்றனர். தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்ட தலைமுறையினர் இந்த அவையிலும் பலர் இருக்கிறீர்கள். முடிவில் 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித பாரதி' என்னும் தனி ஒலிபரப்பைத் தொடங்கித் திரைப்பாட்டை மீண்டும் அழைத்து வரவேண்டியதாயிற்று. அமைச்சர் நல்லிசையை விரும்பியதில் குற்றமில்லை. அவர் விரும்பியது ஒன்றே நல்லிசை என்று கொண்டதுதான் சிக்கல்.

இதே வானொலி 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியத்தையும் ஒதுக்கி வைத்திருந்தது. சுருதி நுட்பங்களைக் காட்ட வல்லதன்று என்பது காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் தெருக்கூத்துக்கும் நாடக மேடைக்கும் ஆர்மோனியமே உயிர்நாடி என்பதை அந்த நியாயம் கணக்கில் கொள்ளவில்லை. தடை தளரத் தொடங்கியது 1971-இல்.

கருவியின் கதையை இன்னும் சற்றுத் தொடர்ந்தால் ஒரு வேடிக்கை விளங்கும். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர், நம் சென்னையை அடுத்த மணலியில் இளமையில் வாழ்ந்தபோது வெள்ளையரின் பேண்டு வாத்திய இசையைக் கேட்டார். படைவீரர்களும் குடிமக்களும் நடந்து கொண்டே கேட்கும் சாதாரண மெட்டுகள் அவை. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவை 'நோட்டுஸ்வரம்' என்னும் பெயரால் இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கில மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் வாசித்த பிடிலைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? கிளாரினெட்டும் பேண்டுக் கருவியே, ஏ. கே. சி. நடராஜன் அதில் கருநாடக இசை வாசித்து 2008-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் அதைச் சபா மேடையில் ஏற்றினார்.

அதே கிளாரினெட்டையும் அதே சாக்சபோனையும் நம் தந்தையரும் மாமன்மாரும் கல்யாண ஊர்வலத்தில், வெயிலில், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசித்தார்கள். அதற்குப் பெயர் 'பேண்டு செட்'. மண்டபத்து வாசல் வரை வாசித்துவிட்டு, பந்தி முடியும்வரை வெளியே காத்திருந்தார்கள். கருவி ஒன்றே, காத்திருந்த இடம்தான் வேறு.

தோலின் கதை இதனினும் கூர்மையானது. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் வேண்டும். பலா மரக் கட்டையில் அத்தோலை இழுத்து வார் பிடித்து, நாதம் பேசும்வரை தட்டித் தட்டித் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். அவர்களுள் கிறித்தவர்களாக உள்ள தலித்துகள் பலர். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பை நாடு போற்றியது. அவருக்காக மிருதங்கம் செய்த பர்லாந்துவின் பெயரை எத்தனை பேர் அறிவர்? டி. எம். கிருஷ்ணா இக்கைவினைஞர்களின் வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்கு முதலில் அரங்கு தர இசைந்த கலாக்ஷேத்ரா, பின்னர் இசைவைத் திரும்பப் பெற்றது. நூல் நம் பக்கத்துத் தரமணியில், ஆசிய இதழியல் கல்லூரியில் வெளியாயிற்று. தோல் மேடையில் இருக்கலாம். அத்தோலின் கதை மேடைக்கு வருவதில் மட்டும் தயக்கம் நேர்ந்தது.

உயர்ந்த இசை என்னும் வேலிக்குள்ளேயும் வேலிகள் இருந்தன என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. மார்கழிக் கச்சேரிகள் வளர்ந்தன. ஆனால் அம்மேடைகளில் தெலுங்கும் வடமொழியும் ஓங்கி நிற்க, தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில், மக்கள் எழுந்து செல்லும் நேரத்தில், 'துக்கடா' என்னும் பெயரில் வந்தது. துக்கடா என்றால் சில்லறைத் துண்டு என்று பொருள். இதைப் பொறாமல்தான் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழில் பாடக் கேட்பதும் தாழ்வாகக் கருதப்பட்ட காலம் அது! அந்த இயக்கத்துக்கு நாம் நன்றியுடையோம். எனினும் தமிழிசை என்று அவர்கள் கூறியபோது தேவாரம் நினைவுக்கு வந்தது; ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப் பாட்டும் பறையும் நினைவுக்கு வரவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் கதை இதுவே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் மாமேதை டியூக் எல்லிங்டன். 1965-இல் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கலாம் என்று புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர். மேல் வாரியம் மறுத்துவிட்டது. நடுவர்களில் இருவர் பதவி விலகினர். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், 1999-இல் அப்பாராட்டு வந்தது. 2018-இல் அதே பரிசு கென்ட்ரிக் லாமர் என்னும் ராப் பாடகருக்கு வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் அவர் பாட்டு இருக்கிறது. நமக்கு அது விளங்குவதில்லை என்பது வேறு செய்தி.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பறையைப் பற்றி மூத்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. அவர் பறையை வெறுக்கக் காரணம் அதன் ஓசை அன்று. ஊரில் சாவு விழுந்தால், தம் வீட்டில் காய்ச்சல் கிடந்தாலும், தந்தையார் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கூலி என்று ஒன்றில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் அடி. இந்த ஊழியத்தை மறுத்துத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நம் மக்கள் போராடினர். பறையைக் கீழே போட்டதே விடுதலையின் முதல் அடியாக இருந்தது. அரசு அறிவிப்பைத் தண்டோராப் போட்டுத் தெரிவிக்கும் முறையைக்கூட 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு நிறுத்தச் சொன்னார். ஆகவே பறையைக் கீழே போட்ட கையை நாம் வணங்குகிறோம். அதைக் கோழைத்தனம் என்றோ மரபு மறந்த செயல் என்றோ பேசும் இளைஞர் எவரேனும் இருந்தால், அவர் வரலாறு படிக்கவில்லை என்றே கூறுவோம்.

ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். இழிவு பறையில் இருந்ததா, கட்டாயத்தில் இருந்ததா? ஐந்திணைகளின் கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம், தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாட்டு சிறப்பித்துக் கூறும் நான்கு குடிகளுள் பறையன் குடியும் ஒன்று. பழம்பெருமை சோறு போடாது என்பதை நாம் அறிவோம்; இதைச் சொல்வது பெருமைக்காக அன்று, கணக்கை நேராக்குவதற்கே.

பறையின் வேலைப்பாட்டைப் பாருங்கள். வேப்ப மரச் சட்டம். புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். வாசிப்பதற்குமுன் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டல். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குறுங்குச்சி. வாசிப்பும் ஆட்டமும் ஓருடலில் நிகழ்தல். சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி எனப் பெயர் பெற்ற அடிகள் எத்தனையோ. அவற்றுள் 'சினிமா அடி' என்றும் ஒன்றுண்டு! நம் ஆசான்கள் மரபு கெட்டுவிடும் என்று அஞ்சவில்லை. டூரிங் கொட்டகையில் கேட்டதையும் தோலில் ஏற்றிக்கொண்டார்கள். மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் ஏந்தினர். முன்பு மறுக்க உரிமையில்லாமல் அடித்தோம், பின்பு மறுத்தோம். மறுக்கும் உரிமை கைக்கு வந்தபின் விரும்பி எடுப்பது மூன்றாவது நிலை. மூத்தவரின் கேள்விக்கு நம்மால் இயன்ற விடை இதுவே. அவர் இதை ஏற்க வேண்டும் என்று வற்புறுத்த மாட்டோம், பட்டவர் அவர்.

கானாவுக்கு இத்தனை நீண்ட வரலாற்றுச் சுமை இல்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இராயபுரத்திலும் சாவு வீட்டில் இரவெல்லாம் உறங்காமல் விழித்திருக்கப் பாடிய பாட்டு அது. துறைமுகக் கூலி, சிறை, காதல், கடன், இறந்தவரின் நற்குணம் யாவும் அதில் உண்டு. டோலக்கோ புல்புல்தாராவோ போதும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மேசைப் பலகை போதும் என்பதை எங்கள் எட்டாம் வகுப்புப் பையன்கள் நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர். 1990-களில் தேவாவின் இசையில் திரைக்கு வந்து வீடுதோறும் நுழைந்தது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியபோது, மயிலாப்பூர்க் கல்யாணங்களிலும் அதற்கு ஆடினார்கள். 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது. அப்பெயர் பண்டிதர் அயோத்திதாசர் அன்று எழுதிய 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பது நமக்குத் தனிப் பெருமை. அக்குழுவில் பாடிய இசைவாணியின் பெயர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கினர். மார்கழி ஒரு சாராரின் மாதம் என்று யார் சொன்னது?

இதைக் கூறுவதால் கானாவில் வருவதெல்லாம் நன்று என்று நாம் கூறியதாக ஆகாது. பெண்ணை இழித்தும், கத்தியைப் புகழ்ந்தும் வரும் பாட்டுகள் பெருகிவிட்டன. 'எங்கள் பாட்டு' என்பதற்காக அவற்றைப் பொறுத்துக்கொள்வது நம் சகோதரிகளுக்குச் செய்யும் துரோகம். விழா மேடையில் பாடப்போகும் குழுவிடம் இதை முன்னரே கூறியிருக்கிறோம். அவர்களும் முகம் சுளிக்காமல் இரு பாட்டுகளை மாற்றிக்கொண்டனர்.

மேட்டிமை நம்மிடமும் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் ஒருவனின் தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தான். பொழுதுபோக்கு என்னும் இடத்தில் 'செவ்வியல் இசை கேட்டல்' என்று எழுதியிருந்தான். எந்த இராகம் பிடிக்கும் என்று கேட்டோம். விழித்தான். பயிற்சி வகுப்பில் அப்படி எழுதச் சொன்னார்களாம். உனக்கு மெய்யாகப் பிடித்தது எது என்றதும் முகம் மலர்ந்து, பத்து நிமிடம் டோலக்கின் நடைகளைப் பற்றி விளக்கினான். எந்தப் பாட்டில் எங்கே நடை மாறுகிறது என்பதுவரை சொன்னான். அதையே எழுது என்றோம். "சிரிப்பார்கள் ஐயா" என்றான். பட்டம் பெற்ற பின்னும் தனக்குப் பிடித்த பாட்டின் பெயரைச் சொல்லக் கூசுகிற நிலை அது. பிடிக்காததைப் பிடிக்கும் என்று எழுதி, அதைப் பற்றி ஒரு கேள்வி வந்ததும் வாயடைத்து நிற்பதைவிட, பிடித்ததைப் பற்றித் தெளிவாகப் பத்து நிமிடம் பேசுவது நேர்முகத்திலும் பயன் தரும்.

இதன் மறுபுறமும் உண்டு. கருநாடக இசை 'அவர்களுடையது', அதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்கின்றனர் சிலர். நம் கையால் வார் பிடித்த தோல் அதில் பேசும்போது அது எப்படி அவர்களுடையது மட்டும் ஆகும்? பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா அப்படி ஒதுங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1976-இல் 'அன்னக்கிளி'யில் வயல்வெளி இசையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1985-இல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் ஒரு காட்சி: புகழ்பெற்ற பாடகரிடம், மக்களுக்குப் புரியும்படி தமிழில் பாடக்கூடாதா என்று ஒரு பெண் சபையில் எழுந்து கேட்கிறாள். நீயே பாடிக் காட்டு என்கிறார்கள். அவள் ஒரு நாட்டுப்புறப் பாட்டைத் தொடங்குகிறாள். அது வளர்ந்து வளர்ந்து, மெட்டு முறியாமல், தியாகராசரின் கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. பாட்டு முழுவதும் சாரமதி இராகம். நாம் மணிக்கணக்கில் வாதிடுவதை அவர் சில நிமிடங்களில் செய்து காட்டிவிட்டார். அப்படத்தின் இசைக்குத் தேசிய விருதும் வந்தது. 2025 மார்ச்சு 8-இல் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அவர் எந்த வாசலிலும் 'இது நமக்கன்று' எனத் திரும்பிப் போகவில்லை.

நம் கோட்டூர்புரத்திலிருந்து அடையாற்றைக் கடந்தால், பசுமைவழிச் சாலையில் பிராடி மாளிகை. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கிய அரசு இசைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அரசுக் கல்லூரி, நம் வரிப்பணத்தில் நடப்பது, இட ஒதுக்கீடு உள்ளது. நம் குடியிருப்பிலிருந்து பொறியியலுக்கும் சட்டத்துக்கும் பிள்ளைகளை அனுப்பிய நாம், ஆற்றின் அக்கரையில் உள்ள அந்தக் கல்லூரியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். அடுத்த கல்வியாண்டில் இசை கற்க விரும்பும் மாணவர் இருவருக்குக் கட்டணமும் கருவியும் சங்கத்தின் உதவித்தொகையிலிருந்து வழங்க வேண்டும். அவர்கள் எடுப்பது மிருதங்கமோ, நாதசுரமோ, வாய்ப்பாட்டோ அவர்கள் விருப்பம். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்தின் மொட்டை மாடியில் பறைப் பயிற்சி நடத்த ஆசான் ஒருவர் இசைந்துள்ளார். பெண் பிள்ளைகளும் சேரலாம். தேர்வு மாதங்களில் பயிற்சி இல்லை. பயிலும் குழு எந்தச் சாவு வீட்டுக்கும் சாதி வழக்கத்தின் பேரில் போகாது என்பதும், அழைக்கும் மேடையில் பேசிய கூலியை முன்னரே எழுத்தில் பெறும் என்பதும் அதன் விதிகள். விதிகளை எழுதித் தந்தவர் வேறு யாருமல்லர். விழாக்குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மூத்தவர்தாம். பெயர் கொடுக்க விரும்புவோர் நிகழ்ச்சி முடிந்ததும் படிப்பகப் பொறுப்பாளரிடம் உள்ள பதிவேட்டில் எழுதலாம்.